பெயர் மட்டும் பிரயாணம் செய்த ஊர்

(ஒரு வாசகசாலையின் ஆண்டு விழாவில் செய்த சொற்பொழிவின் சாரம்)



இன்று எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் விஷயம் ருஷ்ய தேசத்தின் ஒரு மூலையிலுள்ள ஆற்றங்கரை ஊர் ஒன்றின் சரித்திரமும், அதன் நிர்வாகமுமாகும். அந்த ஊரின் பெயரை உங்களில் அநேகர் கேட்டிருக்கமாட்டீர்கள். அதன் பெயர் துருஹான்ஸ்க். சைபீரியாவில் யெனிஸே என்கின்ற மகா நதியின் கரையில், வடதுருவ வட்டத்திற்குச் சற்றுத் தெற்கே இருக்கின்றது. ஆண்டில் பாதிக்குமேல் ஆறு உறைந்து கிடக்கும். இன்றைக்கும் அந்த ஊருக்கு ரயில் கிடையாது; ஆண்டு முழுவதும் போகக்கூடிய சாலையும் கிடையாது. கோடையில் படகிலும், மற்றக் காலத்தில் ஆகாய விமானத்திலும், பனி இறுகிய பிறகு பனித்தடத்திலுமே போகவேண்டும். 2010ஆம் வருஷத்து ஜனக் கணக்குப்படி அந்த ஊரில் 5,000 பேர்கூட இல்லை.

"இப்படிப்பட்ட ஊரைப்பற்றிக் கேட்டு நமக்கு என்ன ஆகப்போகிறது?" என்று யாராவது கேட்கலாம். நியாயமான கேள்விதான். பெரிய பட்டணங்களின் சரித்திரத்தில் அரண்மனையும், கோபுரமும், யுத்தமும் வந்து குறுக்கே நின்றுகொண்டு, நிர்வாகம் என்பது உண்மையில் என்ன வேலை செய்கிறது என்பதை மறைத்துவிடும். இந்த மாதிரி ஓர் எல்லைப்புற ஊரில் மறைக்க ஒன்றுமில்லை. சர்க்கார் எதற்காக வந்தது, யாருக்காக இருந்தது, எப்போது கடையைக் கட்டிக்கொண்டு போயிற்று என்பதெல்லாம் அங்கே வெட்டவெளிச்சமாகத் தெரியும். ஆதலால்தான் இந்த ஊரை எடுத்துக்கொண்டேன்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. இந்த ஊர் ஒரே இடத்தில் இருந்த ஊரல்ல. இதுவரையில் மூன்று இடங்களில் இருந்திருக்கிறது. ஜனங்கள் இடம் மாறி ஊரைக் கட்டிக்கொண்டதாக நினைத்துவிடாதீர்கள். கச்சேரி இடம் மாறிற்று. அதோடு ஊர் என்ற அந்தஸ்தும் மாறிற்று. பழைய இடம் காடாயிற்று, அல்லது குக்கிராமமாயிற்று.

முதல் ஊர்: மங்கஸேயா

யெனிஸே நதிக்கு மேற்கே தாஸ் என்று ஒரு நதி வடக்கு நோக்கி ஓடிக் கடலில் கலக்கிறது. அதன் கரையில் 1601ஆம் வருஷத்தில் ஜார் அரசாங்கத்தார் ஒரு மரக்கோட்டை கட்டினார்கள். அதற்கு முந்திய ஆண்டில், அதாவது 1600இல், மிரோன் ஷஹோவ்ஸ்க்கோய் என்ற பிரபு ஒரு படையோடு அதற்காகப் புறப்பட்டுப் போகும் வழியில் அந்த நாட்டு ஜனங்களால் தாக்கப்பட்டு ஆட்களை இழந்தார். அடுத்த ஆண்டு இன்னும் பெரிய படை போய்க் கோட்டையை முடித்தது. அந்த ஊருக்கு மங்கஸேயா என்று பெயர்.

அந்த இடத்தில் தானியம் விளையாது. ஒரு கைப்பிடி மாவு வேண்டுமானாலும் நெடுந்தூரத்திலுள்ள தோபோல்ஸ்க் பட்டணத்திலிருந்து ஆற்றிலும் கடல் வளைகுடாவிலுமாகப் படகில் வரவேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் எதற்காக ஊர்? ஒரு சிறு பிராணிக்காக! அதற்கு ஸேபிள் என்று பெயர். பார்வைக்கு நமது கீரிப்பிள்ளையைப் போல இருக்கும். அதன் தோலிலுள்ள மயிர் மிகவும் மிருதுவாகவும், அடர்த்தியாகவும் இருப்பதால் ஐரோப்பிய ராஜாக்களும் பிரபுக்களும் அதற்குப் பொன் கொடுத்தார்கள். அந்தக் காலத்து ருஷ்ய அரசாங்கத்திற்குத் தோல்தான் பெரிய ரொக்கம்.

ஆனால் அந்தக் காட்டில் ஏற்கெனவே ஜனங்கள் இருந்தார்கள். நேனெத்ஸ், ஸெல்கூப், எனெத்ஸ், கெத், எவென்கி என்கின்ற பல ஜாதியார் மான் மேய்த்தும், மீன் பிடித்தும், வேட்டையாடியும் பிழைத்துவந்தார்கள். இவர்களிடம் அரசாங்கம் வசூலித்த வரிக்கு "யசாக்" என்று பெயர். வயது வந்த ஒவ்வொரு ஆண்பிள்ளையும் வருஷத்திற்கு இத்தனை தோல் கொடுத்தாக வேண்டும். கொடுக்க வரும்போது ஜாரின் பெயரால் கொஞ்சம் பாசிமணியும், தகரமும், ரொட்டியும் "வெகுமதி" யாகக் கொடுப்பார்கள். தோல் வாங்குவதற்குத் தராசு, வெகுமதி கொடுப்பதற்கு மனசு! எது எவ்வளவு பெறுமென்று நான் சொல்லவேண்டியதில்லை.

கொடுக்க மறுத்தால் என்ன செய்வது? அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் செல்வாக்குள்ள ஆளையோ, அவனுடைய மகனையோ பிடித்துவந்து கோட்டைக்குள் அடைத்து வைப்பார்கள். தோல் வந்தால் ஆள் உயிரோடிருப்பான். இப்படி அடைத்து வைக்கப்பட்டவனுக்கு ருஷ்ய மொழியில் "அமனாத்" என்று பெயர். தோழர்களே, இந்த வார்த்தை உங்களுக்குப் புதிதல்ல. ஒப்படைக்கப்பட்ட பணத்திற்கும் பண்டத்திற்கும் நம்முடைய கச்சேரிகளில் "அமானத்து" என்று எழுதிவந்தார்களே, அதே அரபு வார்த்தைதான். இங்கே பணத்தை அமானத்து வைத்தார்கள். அங்கே மனிதனை அமானத்து வைத்தார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

மதம் வந்த விதம்

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். சாதாரணமாக ஒரு ராஜாங்கம் புதிய நாட்டிற்குப் போனால் கூடவே வேதமும் போகும், "அஞ்ஞானிகளைக் கடைத்தேற்றவே வந்தோம்" என்று சொல்வார்கள். மங்கஸேயாவிலும் மாதாகோவில் கட்டினார்கள். ஆனால் அந்த 17ஆம் நூற்றாண்டில் சைபீரியாவின் பூர்வ குடிகளைக் கூட்டங்கூட்டமாக ஞானஸ்நானம் செய்விப்பதில் மாஸ்கோ அரசாங்கத்திற்கு ஆர்வமில்லை. ஏன் தெரியுமா? ஞானஸ்நானம் பெற்றவன் ருஷ்யனுக்குச் சமானமாகி, யசாக் கொடுப்பதிலிருந்து தப்பித்துக்கொள்வான்! ஒரு ஆத்மா மோட்சத்திற்குப் போனால் பொக்கிஷத்திற்கு வருஷா வருஷம் அத்தனை தோல் நஷ்டம்! ஆகவே ஆத்மாக்கள் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். பிறகு 18ஆம் நூற்றாண்டில், ஞானஸ்நானம் பெற்றாலும் வரியிலிருந்து நிரந்தரமாகத் தப்ப முடியாது என்று ஏற்பாடு செய்துகொண்டபிறகு, மோட்ச வாசல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. வரி நின்ற பக்கமே வேதமும் நின்றது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அடுத்து அந்த ஊரின் "மகான்" கதையைச் சொல்லுகிறேன். வஸிலி என்று ஒரு சிறு பையன். ஒரு வியாபாரியின் கடையில் வேலை பார்த்தவன். கடையில் திருட்டுப் போயிற்று. அப்போது பையன் கோவிலில் ஜெபம் செய்துகொண்டிருந்தான் என்கிறார்கள். எஜமானன் அவன்மேல் சந்தேகப்பட்டு, ஊரை ஆளும் அதிகாரியிடம் இழுத்துக்கொண்டு போனான். இருவருமாகச் சேர்ந்து வதைத்தார்கள். பையன் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. கோபம் தாங்காத எஜமானன் கையிலிருந்த சாவிக்கொத்தால் நெற்றிப் பொட்டில் அடித்தான். பையன் செத்தான். 1602ஆம் வருஷம் நடந்ததாகச் சொல்லுகிறார்கள். பிணத்தை ஒரு பெட்டியில் போட்டுச் சதுப்பு நிலத்தில் புதைத்துவிட்டார்கள். விசாரணையுமில்லை, தண்டனையுமில்லை. இதெல்லாம் விரோதிகள் கட்டிவிட்ட கதையல்ல. மடத்தார் அவனைப் போற்றி எழுதிவைத்த சரித்திரத்திலேயே உள்ளது.

சுமார் 50 வருஷங்களுக்குப் பிறகு அந்தப் பெட்டி பூமிக்கு மேலே வந்தது. உடம்பும் அழுகாமலிருந்ததாம். உடனே "அற்புதம்!" என்றார்கள். நோயாளிகள் குணமானார்கள் என்றார்கள். 1660இல் யெனிஸே கரையில் ஒரு மடம் ஏற்பட்டது. 1670இல் அதன் தலைவரான தீகோன் என்ற துறவி அந்த உடம்பைக் கொண்டுபோய் அங்கே வைத்தார். மடத்திற்கு யாத்திரீகர்கள் வந்தார்கள், காணிக்கையும் வந்தது.

பெட்டி ஏன் மேலே வந்தது? அந்த நாட்டில் பூமி சில அடிகளுக்குக் கீழே எந்தக் காலத்திலும் உறைந்தே கிடக்கிறது. மேல்மண் மட்டும் கோடையில் இளகி, குளிர்காலத்தில் மறுபடி உறையும். தண்ணீர் பனிக்கட்டியானால் பருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அப்படிப் பருக்கும்போது மண்ணுக்குள் இருக்கும் கல்லானாலும், கம்பமானாலும், பெட்டியானாலும் சிறிது மேலே தள்ளப்படும். இளகும்போது அது பழைய இடத்துக்குப் போகாமல் மண் வந்து அடியில் அடைத்துக்கொள்ளும். வருஷத்திற்குக் கொஞ்சங் கொஞ்சமாகப் பல வருஷத்தில் அது பூமிக்கு வெளியே வந்துவிடும். வடநாடுகளில் தந்திக் கம்பங்களும் வீட்டுத் தூண்களும்கூட இப்படிக் கிளம்பி வருகின்றன. உறைந்த மண்ணில் பிணம் அழுகாது என்பதற்கு, சைபீரியாவில் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் செத்த மாமூத் யானைகள் தோலோடும் சதையோடும் கிடைப்பதே போதும். அந்த யானைகளுக்கு யாரும் மடம் கட்டவில்லை!

ஆனால் நான் வருத்தப்படுவது அற்புதத்திற்காக அல்ல. அந்தப் பையனுக்கு வேண்டியது என்ன? நியாயம். "ஒரு கூலிக்காரச் சிறுவனை அடித்துக் கொன்றது யார்? அதற்கு உடந்தையாயிருந்த அதிகாரி யார்?" என்ற கேள்வி எழுந்திருக்க வேண்டும். அந்தக் கேள்வி எழும் இடத்தில் ஒரு விளக்கை ஏற்றி, கையைக் கூப்பச் செய்துவிட்டார்கள். கொலைக் கேஸ் ஒன்று பூஜையாக மாறிவிட்டது. கொன்றவனும் வந்து கும்பிடலாம்!

இரண்டு அதிகாரிகளின் சண்டை

இப்படிப்பட்ட ஊர்களை ஆண்ட அதிகாரிக்கு "வொயவோதா" என்று பெயர். படைக்கும் அவரே தலைவர், வரிக்கும் அவரே, நியாய ஸ்தலமும் அவரே. சாதாரணமாக இரண்டு மூன்று வருஷங்களுக்கு நியமிப்பார்கள். பழைய ருஷ்ய மொழியில் ஒரு உத்தியோகத்திற்கு அனுப்புவதையே "தீனிக்கு அனுப்புவது" என்று சொல்லுவார்கள். அதாவது அந்த நாட்டு ஜனங்களே அதிகாரிக்குத் தீனி. சட்டப்படி 16ஆம் நூற்றாண்டிலேயே அதை எடுத்துவிட்டார்கள். சட்டத்தில் எடுத்தார்களே தவிர, வயிற்றிலிருந்து யார் எடுப்பது? உத்தியோகம் முடிந்து திரும்பும் வொயவோதாக்களின் மூட்டை முடிச்சுகளை உரால் மலையிலுள்ள வெர்ஹோதூர்யே சுங்கச் சாவடியில் சோதனை போடவேண்டுமென்று அரசாங்கமே உத்தரவிட்டிருந்தது. தானே நியமித்த கவர்னரைத் திருடனைப்போல் சோதனை போட்ட அரசாங்கம் அது!

ஒருவரை ஒருவர் கவனித்துக் கொள்ளட்டுமென்று மங்கஸேயாவுக்கு இரண்டு வொயவோதாக்களை அனுப்பினார்கள். இதன் பலன் 1630இல் தெரிந்தது. கோகரெவ், பலீத்ஸின் என்று இருவர். ஒருவர் கோட்டைக்குள்ளே இருந்துகொண்டார். மற்றவர் கோட்டைக்கு வெளியே வியாபாரிகள் குடியிருந்த பேட்டையில் ஆட்களைச் சேர்த்துக்கொண்டார். கோட்டைக்குள்ளிருந்து சொந்த ஊரின் மீதே பீரங்கி வெடித்தது. வீடுகளும் கடைகளும் பாழாயின. ஒருவர்மேல் ஒருவர் மாஸ்கோவுக்குப் புகார் எழுதினார்கள். தோல் கொண்டுவரும் ஜனங்களுக்குச் சாராயத்தைக் கொடுத்து, சர்க்காருக்குச் சேரவேண்டிய தோலைத் தாமே வாங்கிக்கொண்டதாகவும், காணிக்கை பிடுங்கினதாகவும் புகார்கள். கடைசியில் இருவரையும் மாற்றினார்கள். கவனியுங்கள் தோழர்களே! இரண்டு அதிகாரிகள் ஒருவரை ஒருவர் காவல் காப்பதால் ஜனங்களுக்குப் பாதுகாப்பு வந்துவிடாது. ஜனங்களுக்கு வாயிருந்தால்தான் வரும். அங்கே அது இல்லை. ஆகவே ஒரு கொள்ளைக்கு இரண்டு கொள்ளையாயிற்று.

ஊர் செத்த விதம்

மங்கஸேயா ஏன் அழிந்தது? எதிரி வந்து அழிக்கவில்லை. மாஸ்கோவின் உத்தரவே அழித்தது என்று சொல்லலாம்.

அந்த ஊருக்கு அரசாங்கம் வருவதற்கு முன்பே வெள்ளைக் கடல் ஓரத்து ருஷ்யர்கள் வழி கண்டுபிடித்திருந்தார்கள். "கோச்" என்ற படகில் கடலோரமாக வருவார்கள். அந்தப் படகின் அடிப்பாகம் உருண்டையாக இருக்கும். பனிக்கட்டி இரண்டு பக்கமும் நெருக்கினால் உடையாமல் மேலே எழும்பிவிடும். யாமால் தீபகற்பத்தைச் சுற்றாமல், அதன் குறுக்கே ஆறுகளிலும் ஏரிகளிலும் போய், இடையிலுள்ள தரையில் படகை இழுத்துக்கொண்டு கடப்பார்கள். படிக்காத மீனவர்களும் வியாபாரிகளும் தங்கள் அனுபவத்தாலும் அறிவாலும் கண்ட வழி. அந்த வழியாகத்தான் மாவும், துணியும், இரும்புச் சாமானும் மலிவாக வந்தன.

1616இல் தோபோல்ஸ்க் வொயவோதாவான குராக்கின் மாஸ்கோவுக்கு எழுதினார்: இந்த வழியாக அன்னிய தேசத்தார் வந்து சுங்கம் கொடுக்காமல் வியாபாரம் செய்துவிடுவார்கள் என்று. இங்கிலீஷ்காரரும் டச்சுக்காரரும் அப்போது வடகடலில் வழி தேடிக்கொண்டிருந்தது உண்மைதான். ஆனால் வழியை அடைத்தால் தோல் எல்லாம் தம்முடைய தோபோல்ஸ்க் வழியாகத்தான் போயாக வேண்டும் என்பதும் உண்மை. 1619ஐ ஒட்டிக் கடல் வழி அடியோடு தடுக்கப்பட்டது. மீறினால் மரண தண்டனை. யாமாலில் காவலும் வைத்தார்கள். மேப்பில் ஒரு கோடு கிழித்தவர்கள் மாஸ்கோவிலிருந்தார்கள். பட்டினி கிடந்தவர்கள் மங்கஸேயாவிலிருந்தார்கள்.

அதற்குப் பிறகு அந்த ஊருக்கு ஓப் வளைகுடா வழியாக வரும் தானியப் படகுகளே கதி. 1640களின் ஆரம்பத்தில் அவை புயலில் சிக்கி உடைந்தன. 1642இல் ஊரில் தீப்பிடித்தது. காட்டிலோ ஸேபிள் தீர்ந்துபோயிற்று. பத்தில் ஒன்று சர்க்காருக்கு என்று சுங்கம் வாங்கத் தெரிந்ததே தவிர, பிடித்துக்கொண்டே போனால் ஒரு நாள் தீருமே என்று யாரும் யோசிக்கவில்லை. வேட்டைக்காரர்கள் கிழக்கே லேனா நதிப் பக்கம் போய்விட்டார்கள். 1672இல் ஜார் உத்தரவின்படி காவற்படையும் கச்சேரியும் காலி செய்துகொண்டு கிழக்கே யெனிஸே பக்கம் போயின. கோட்டையும், கோவில்களும், கடைத்தெருவும் நரிக்கும் பனிக்கும் விடப்பட்டன.

சுமார் 300 வருஷங்கள் கழித்து, 1968 முதல் 1973 வரையில் பேலோவ் என்ற ஆராய்ச்சிக்காரரும் அவருடைய கூட்டத்தாரும் அந்த இடத்தைத் தோண்டினார்கள். எதெல்லாம் கிடைத்தது தெரியுமா? தோல் செருப்புகள், சதுரங்கக் காய்கள், பகடைகள், உலோகம் உருக்கும் சாலை. உடைந்த கோச் படகுகளின் பலகைகளை வீட்டுக்கு அடியில் பரப்பியிருந்ததும் தெரிந்தது. வொயவோதாக்கள் மாஸ்கோவுக்கு எழுதிய காகிதங்களில் அவர்களுடைய பெருமைதான் இருக்கிறது. மண்ணுக்குள்ளிருந்து வந்த செருப்பில்தான் அந்த ஊரில் நடமாடிய மனிதன் இருக்கிறான்.

இரண்டாவது ஊர்

கச்சேரி போய்ச் சேர்ந்த இடம் துருஹான் என்ற சிற்றாறு யெனிஸேயோடு சேரும் இடத்திற்கு அருகிலிருந்தது. 1607இலேயே அங்கே குளிர்காலம் தங்குவதற்கு ஒரு விடுதி இருந்தது. அதற்குப் "புதிய மங்கஸேயா" என்று பெயரிட்டார்கள். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துருஹான்ஸ்க் என்ற பெயர் நிலைத்தது. ஊர் புதிது; தொழில் பழையது. அதே யசாக், அதே சாராயம். கூடவே அம்மையும் வந்து பூர்வ குடிகளை வாரிக்கொண்டு போயிற்று. மாவுக்கும் வெடிமருந்துக்கும் சர்க்கார் களஞ்சியத்திலும் வியாபாரியிடமும் கடன்பட்டவன், பிடிக்காத தோலுக்கும் முன்கூட்டியே கடன்காரனானான்.

இக்காலத்தில் சைபீரியா முழுவதற்கும் கவர்னர் ஜெனரலாக இருந்தவர்களில் பெஸ்தெல் என்று ஒருவர். 1806 முதல் 1819 வரையில் அவருக்கு அந்த உத்தியோகம். அதில் பெரும்பகுதிக் காலம் அவர் வாசம் செய்தது பீட்டர்ஸ்பர்க் தலைநகரத்தில்! இதைப்பற்றி ருஷ்யர்களிடையே ஒரு வேடிக்கைக் கதை வழங்கியது. சக்கரவர்த்தி ஒரு நாள் அரண்மனை ஜன்னலிலிருந்து எதிரேயுள்ள கோவில் கோபுரத்தைக் காட்டி, "அதன்மேல் கறுப்பாக ஏதோ தெரிகிறதே, என்ன?" என்று கேட்டாராம். பக்கத்திலிருந்தவர், "பெஸ்தெலைக் கேளுங்கள். அவருக்குத்தான் இங்கிருந்தே சைபீரியாவில் நடப்பதெல்லாம் தெரியும்" என்றாராம்.

1819இல் ஸ்பெரான்ஸ்கி என்பவர் சைபீரியாவுக்கு நேரில் அனுப்பப்பட்டார். ஊர் ஊராய்ப் போய் விசாரித்தார். லஞ்சத்திலும் கொடுமையிலும் சிக்கியவர்கள் 600 பேருக்கு மேல். அவர் செய்த சீர்திருத்தம் 1822இல் சட்டமாயிற்று. யெனிஸே மாகாணம் ஏற்பட்டது. பூர்வ குடிகளை நிலையாய்க் குடியிருப்பவர், பருவத்திற்குப் பருவம் இடம் மாறுபவர், அலைந்து திரிபவர் என்று மூன்றாகப் பிரித்து, அவர்கள் வழக்கப்படி நடந்துகொள்ள ஓரளவு இடங்கொடுத்தார். முன்னிருந்ததற்கு இது நல்லதே. ஆனால் யசாக் போகவில்லை. 1917 வரையில் போகவில்லை. துருஹான்ஸ்க்கோ ஜில்லாத் தலைமையை இழந்து, பெயருக்கு மட்டும் பட்டணமாயிற்று.

தோல் குறைந்தபிறகு அந்த ஊருக்கு வேறொரு உபயோகம் கண்டுபிடித்தார்கள். அதாவது, வேண்டாத மனிதர்களைக் கொண்டுபோய்க் கொட்டும் இடம். 1825இல் ஜாருக்கு எதிராகக் கிளம்பிய பிரபுக்களில் பியோதர் ஷஹோவ்ஸ்க்கோய் என்பவரை 1826இல் அங்கே அனுப்பினார்கள். 1600இல் ஒரு ஷஹோவ்ஸ்க்கோய் அந்த நாட்டைப் பிடிக்கப் படையோடு வந்தார் என்று முன்பு சொன்னேனல்லவா? 226 வருஷங்கள் கழித்து அதே வமிசப் பெயருள்ள இன்னொருவர் கைதியாக வந்து சேர்ந்தார். அந்தப் பெஸ்தெலின் சொந்த மகனோ அதே கிளர்ச்சிக்காகத் தூக்கிலிடப்பட்டார்.

மூன்றாவது ஊர்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிர்வாகம் மறுபடி நகர்ந்தது. இந்தத் தடவை, அந்தப் பையனின் உடம்பை வைத்திருந்த மடத்தைச் சுற்றியிருந்த மொனஸ்தீர்ஸ்கோயே கிராமத்திற்கு. "மடத்து ஊர்" என்று அதற்கு அர்த்தம். கீழ்த் துங்குஸ்கா நதி யெனிஸேயில் சேரும் இடம் அது. துருஹான்ஸ்க் என்ற பெயரும் அங்கே போயிற்று. பழைய இடத்திற்குப் "பழைய துருஹான்ஸ்க்" என்று பெயராயிற்று.

1913இல் ஜார் அரசாங்கம் ஸ்வெர்த்லோவ், ஸ்டாலின் என்ற இரண்டு கைதிகளை அந்தப் பிரதேசத்திற்கு அனுப்பிற்று. 1914 முதல் ஸ்டாலின் இன்னும் வடக்கே குரேய்க்கா என்ற குக்கிராமத்தில் இருந்தார். 1917இல் புரட்சி வந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஸ்வெர்த்லோவ் சோவியத் ராஜ்யத்தின் தலைமைப் பதவியில் இருந்தார். நாடு கடத்தப்பட்டவர்கள் நாட்டை ஆள வந்துவிட்டார்கள். அந்தக் கொடுமையைத் தம் உடம்பால் அனுபவித்தவர்கள் இனி ஒருவரையும் அங்கே அனுப்பமாட்டார்கள் என்றுதானே நினைப்பீர்கள்?

நடந்ததைச் சொல்லுகிறேன். 1924இல் லூக்கா என்ற பாதிரியாரை அங்கே அனுப்பினார்கள். அவர் பாதிரியார் மட்டுமல்ல, தேர்ந்த ரண வைத்தியர். அவரை இன்னும் வடக்கே தள்ளியபிறகு, ஆஸ்பத்திரியில் அறுவை செய்ய ஆளில்லாமல் ஒரு நோயாளி இறந்துபோக, ஊரார் கிளர்ச்சி செய்து அவரைத் திரும்பவும் வரவழைத்துக் கொண்டார்கள். அந்த ஊரின் சரித்திரத்தில் ஜனங்கள் கேட்டுச் சர்க்கார் இணங்கிய சம்பவம் அபூர்வம். அவர்கள் கேட்டதும் அவருடைய அங்கிக்காக அல்ல, கத்திக்காக. 1942 முதல் வால்கா நதிப் பக்கத்து ஜெர்மானியர், லாத்வியர் முதலான பல ஜாதியாரைக் குடும்பம் குடும்பமாகக் கொண்டுவந்து யெனிஸே கரையில் மீன் பிடிக்க இறக்கினார்கள். அவர்கள் செய்த குற்றம் பிறந்த குலம். 1949இல் புகழ்பெற்ற பெண் கவி த்ஸ்வெதாயெவாவின் மகள் அரியாத்னா துருஹான்ஸ்க்குக்கு அனுப்பப்பட்டு 1955 வரையில் அங்கேயே இருந்தார். அதே காலத்தில் கைதிகளைக் கொண்டு ஸலேஹார்த் என்ற ஊரிலிருந்து இகார்க்கா வரையில் ஒரு ரயில்பாதை போட ஆரம்பித்தார்கள். 1953இல் ஸ்டாலின் செத்ததும் அது கைவிடப்பட்டது. தண்டவாளங்கள் சதுப்பு நிலத்தில் இன்றும் வளைந்து கிடக்கின்றன.

குரேய்க்காவில் நடந்ததைக் கேளுங்கள். ஸ்டாலின் இருந்த குடிசையின்மேல் 1950ஐ ஒட்டி ஒரு பெரிய மண்டபம் கட்டினார்கள். கட்டியது கைதிகளின் உழைப்பு. எதிரே பெரிய சிலை வைத்தார்கள். ஆற்றில் போகும் கப்பல்கள் நின்று, பிரயாணிகள் இறங்கித் தரிசனம் செய்துவிட்டுப் போனார்கள். 1961இல் அந்தச் சிலையைத் தள்ளி யெனிஸேயில் போட்டார்கள். மண்டபமும் 1990களில் எரிந்துபோயிற்று. மடத்தில் ஒரு பெட்டி, குரேய்க்காவில் ஒரு குடிசை! அன்று கொலையை மறைக்கப் பெட்டிக்கு விளக்கு ஏற்றினார்கள். பின்பு கைதிகளின் பெருமூச்சை மறைக்கக் குடிசைக்கு மண்டபம் கட்டினார்கள். கடவுளை ஒழித்துவிட்டோம் என்று சொன்னவர்களும் கும்பிடும் வழக்கத்தை ஒழிக்கவில்லை. கேள்வி கேட்கக்கூடாது என்ற ஆட்சி எந்தப் பெயரில் வந்தாலும், அதற்கு ஒரு பூஜை மாடம் தேவைப்படுகிறது.

இன்றுள்ள நிலை

துருஹான்ஸ்க்கைத் தலைமையாகக் கொண்ட ஜில்லாவின் விஸ்தீரணம் 2,00,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். அவ்வளவு பெரிய பிரதேசத்தில் 2010 கணக்குப்படி 20,000 பேர்கூட இல்லை. அந்த ஜில்லாவின் வடபகுதியில் வான்கோர் என்ற இடத்தில் 2009 முதல் பெரிய அளவில் மண்ணெண்ணெய்க் கச்சாப் பொருள் எடுக்கிறார்கள். அது குழாய் வழியாக மேற்கே போய்விடுகிறது. முன்பு தோல் போயிற்று. இப்போது எண்ணெய் போகிறது.

ஆனால் ஒரு நல்ல மாறுதலையும் சொல்லாமல் விடக்கூடாது. கீழ்த் துங்குஸ்கா நதியின் குறுக்கே துருஹான்ஸ்க்குக்கு மேலே ஒரு பிரம்மாண்டமான அணை கட்டி மின்சாரம் எடுக்க வேண்டுமென்று சோவியத் காலத்திலேயே திட்டம் போட்டார்கள். கட்டினால் எவென்கி ஜனங்களின் ஊர்களும், மான் மேயும் காடுகளும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூரத்திற்கு மூழ்கிப்போகும். 1980களின் கடைசியில் அந்த ஜனங்களும், விஞ்ஞானிகளும் எதிர்த்துப் பேசினார்கள்; திட்டம் நின்றது. 2000க்குப் பிறகு மறுபடி எடுத்தார்கள், மறுபடியும் எதிர்ப்பு வந்தது, அதுவும் ஏறக்கட்டப்பட்டது. செலவும் ஒரு காரணமாயிருக்கலாம். ஆயினும், தோல் கொடுக்காவிட்டால் மகனைச் சிறைவைத்தார்களே, அந்த மனிதர்களின் பேரப்பிள்ளைகள் சர்க்காரின் முகத்துக்கு நேரே "கூடாது" என்று சொன்னார்கள் என்பதுதான் முக்கியம். 400 வருஷத்து நிர்வாகத்தில் மூன்று இடங்களில் கட்டிய கோட்டையையும் கோவிலையும்விட, இந்த ஒரு சொல்லையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஆகவே தோழர்களே! ஒரு ஊரின் சரித்திரத்தைப் படிக்கும்போது, யார் கட்டினார், எந்த மகான் அடங்கியிருக்கிறார் என்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். அந்த ஊரின் கச்சேரி யாருக்குக் கணக்குக் கொடுத்தது என்று கேளுங்கள். மேலேயிருப்பவனுக்கு மட்டும் கணக்குக் கொடுக்கும் கச்சேரி, கொடுக்க ஒன்றுமில்லாத அன்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடும். மங்கஸேயாவிலிருந்து அப்படித்தான் போயிற்று. அங்கே வாழ்ந்து செத்தவர்களுக்கு மிஞ்சியது பனிக்கடியில் கிடந்த செருப்புதான்.

 நான் சொன்னதை அப்படியே நம்பிவிட வேண்டாம். இந்த வாசகசாலையிலேயே சரித்திரப் புத்தகங்கள் இருக்கின்றன. எடுத்துப் படித்து, யோசித்து, சரியென்று பட்டதை ஏற்றுக்கொள்ளுங்கள்.